பெரிய புகைபோக்கியும் சின்ன பாய்லரும்

அக்டோபர் 28

அண்ணிக்கு,

வழக்கமாகப் போடும் "அன்புள்ள" இதில் இல்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன்.

போனில் பேசினால் நான் அழுவேன், நீங்கள் கத்துவீர்கள், நடுவில் அண்ணன் போனைப் பிடுங்கி "அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவான். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பீர்கள். என் பக்கம் இது. அனுமதிக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, அப்பா வீட்டின் கீழ்த்தளத்தைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றினேன். சுவருக்கு நானே பெயின்ட் அடித்தேன். குட்டி நாற்காலி, குட்டி மெத்தை, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கைகழுவும் குழாய், அதில் இதமான வெந்நீர். திறப்பு நாளன்று அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளோடு வந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துடைப்பம் எங்கே என்று கேட்டுவிட்டு நீங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பாய்லர் அறைக்குப் போனீர்கள். போனது என் அண்ணி. திரும்பி வந்தது தீயணைப்பு வண்டி.

"கேஸை மூடிட்டேன்! எல்லாரும் பிள்ளைங்களைத் தூக்கிட்டு வெளிய போங்க! இந்த பாய்லர் ஓடினா இங்க தூங்கற பிள்ளை எழுந்திரிக்காது!"

எழுந்திரிக்காது. அந்த ஒரு சொல்லையாவது நீங்கள் விழுங்கியிருக்கலாம். கேக் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் வந்தவை மூன்று பிள்ளைகள். அதில் ஒன்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் பேரன். அவனுக்கு எங்கள் வீடும் அவன் வீடும் ஒன்றுதான், அதனால் அவனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

போன வருடம் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை மாட்டிக்கொடுத்த மெக்கானிக்கைத் திங்கட்கிழமையே வரவழைத்தேன். பாய்லரைப் பற்றவைத்து, அதன் தலைக்குப் பக்கத்தில் லைட்டரைக் காட்டினார். சுடர் உள்ளே சாய்ந்தது. "புகை அழகா மேல போகுதும்மா. இவ்வளவு பெரிய புகைபோக்கி வச்சிருக்கிற வீட்டுல என்ன பயம்? யாரு உங்களை இப்படிப் பயமுறுத்தினது?" என்று கேட்டார். அதே வேலை செய்யும் என் அண்ணிதான் என்று சொல்ல வாய் வரவில்லை. "யாரோ" என்று சொல்லிவிட்டேன்.

"ஆபத்து, பற்றவைக்காதே" என்று நீங்கள் பாய்லரில் கட்டிவிட்டுப் போன சிவப்புச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அடுத்து யார் வீட்டு விசேஷத்துக்காவது போகும்போது உதவும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


நவம்பர் 1

வாயாடிக்கு,

சீட்டு வந்து சேர்ந்தது. சீட்டை எனக்கு அனுப்பிவிட்டாய், பாய்லரை யாருக்கு அனுப்புவாய்?

நீ அதை மறுபடி பற்றவைத்திருப்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. படித்த கையோடு உன் அண்ணனை விட்டு மாமாவுக்குப் போன் போட வைத்தேன். "சரி, அணைச்சிடறேன்" என்றாராம். அணைத்தாரா என்று நீதான் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் போய்ப் பார்.

நான் இன்னும் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறேன். அறுபது வீடு, வீட்டுக்கு ஒரு பாய்லர், எல்லாவற்றுக்கும் புகைக்குழாய் மாட்டி முடிக்கும் வரை ஊர் திரும்ப முடியாது. ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை, கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் வாளி.

உன் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. பெரிய புகைபோக்கி என்றாரே, அது உண்மை. கோளாறே அதுதான். மாமா அதைக் கட்டியபோது, வீட்டைச் சூடாக்கும் பெரிய ஹீட்டர், வெந்நீருக்கு இந்தச் சின்ன பாய்லர், இரண்டின் புகையும் அதில்தான் போயிற்று. ஹீட்டரின் சூடு அதை எந்நேரமும் கதகதப்பாக வைத்திருந்தது. சூடான புகை லேசானது, யாரும் தள்ள வேண்டாம், தானாக ஏறிப் போகும். போன வருடம் ஹீட்டரை மாற்றினீர்கள். புது ஹீட்டர் தன் புகையைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே விட்டுவிடுகிறது. நல்ல ஹீட்டர், அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பெரிய புகைபோக்கியில் இப்போது சின்ன பாய்லர் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறது. அது விடும் கொஞ்சம் சூட்டை அத்தனை செங்கல்லும் உறிஞ்சிக்கொள்ளும். புகை பாதி வழியில் குளிர்ந்து கனத்துப் போய்விடும். ஏற முடியாதது கீழேதான் வரும், வந்தால் வீட்டுக்குள்தான் வரும். அதோடு வரும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

புகைக்குழாய் சின்னதாகப் போனால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். பெரிதாகப் போனாலும் ஆபத்து என்றால் யாரும் நம்புவதில்லை. செருப்பு மாதிரிதான், இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் நடக்க முடியுமா?

நான் என்ன பார்த்தேன் என்று கேட்கவே இல்லை நீ. பாய்லரின் தலையில் ஒரு தகட்டுக் குடை இருக்கிறது. புகை அதன் வழியாகத்தான் குழாய்க்குள் போகும். அந்தக் குடையைச் சுற்றித் துருப்பொடி கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் வளையங்கள் இருக்கின்றன. இரண்டும் உருகித் தொங்கிக்கொண்டிருந்தன. சூடான புகை வெளியே கொட்டாமல் அவை உருக வழியே இல்லை.

ஆகவே ஒரு சோதனை செய். காப்பகத்தில் பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார். வீட்டு ஜன்னல், வாசல் எல்லாவற்றையும் சாத்து. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன், குளியலறை ஃபேன், துணி உலர்த்தும் மெஷின் எல்லாவற்றையும் ஓட விடு. அவை வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போதுதான் புகை கீழே இறங்குமா என்று தெரியும். பாய்லரைப் பற்றவைத்துச் சிறிது நேரம் கழித்து, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையைக் குடையின் விளிம்பில் காட்டு. உள்ளே போனால் நான் உன் காலில் விழுகிறேன். உன் பக்கம் வந்தால் கேஸை மூடிவிட்டு வெளியே வா. அதுவரை வெந்நீரை அடுப்பில் வை.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் செய்யாவிட்டால் கேஸ் ஆபீஸில் நானே புகார் கொடுப்பேன். அவர்கள் வாசலில் பூட்டுப் போடுவார்கள். உன் வாசலுக்குப் பூட்டு வாங்கிக்கொடுக்க எனக்கு ஆசையில்லை, ஆனால் கொடுப்பேன்.

பார்சலில் இருப்பது விஷவாயு வந்தால் கத்தும் பெட்டி. பிளக்கில் சொருகினால் போதும். என்னைவிடச் சத்தமாகக் கத்தும்.

உன் அண்ணி


நவம்பர் 4

அண்ணிக்கு,

சொந்த நாத்தனாரை மிரட்டி வேலை வாங்கும் அண்ணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நல்லது, செய்தேன்.

முதலில் அப்பாவின் திருட்டுத்தனம். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து வெந்நீர் வரவில்லை. கேட்டால் "பாய்லருக்கு என்னமோ ரிப்பேர், பார்க்கறேன்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். நான் இரண்டு நாளாக ஒவ்வொரு பாத்திரமாகத் தண்ணீர் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அண்ணன் சொல்லி அவரே அணைத்தார் என்று தெரிந்தது. "உன் அண்ணன் போன்ல அழற மாதிரி பேசினான்டி. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல" என்கிறார். என்னிடம் சொன்னால் நான் மறுபடி பற்றவைத்துவிடுவேன் என்று பயமாம். பற்றவைத்திருப்பேன்தான்.

இன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு சோதனை. ஜன்னல் சாத்தினேன், ஃபேன் எல்லாம் போட்டேன், மெஷினில் ஈரத் துண்டுகளைப் போட்டு ஓட விட்டேன். வீடே விமானம் மாதிரி இரைந்தது. அப்பா டார்ச் பிடித்தார், நான் தீக்குச்சி பிடித்தேன். புகை நல்ல பிள்ளையாகக் குடைக்குள் போயிற்று. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் போயிற்று. அப்பா டார்ச்சை ஆட்டிக்கொண்டு, "பார்த்தியா! நான் கட்டின புகைபோக்கி!" என்று குதிக்காத குறை.

ஆகவே நீங்கள் என் காலில் விழ வேண்டும். வேண்டாம், எழுந்திருங்கள். எனக்கு அது வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பாய்லர் ரிப்பேர், நாளைக்குச் சரியாகும் என்று நான் எல்லாரையும் சிரித்து அனுப்பியிருப்பேன். இப்போது கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் அந்த அம்மாக்கள் எதிர்ப்பக்கம் போகிறார்கள். ஒருத்தி பிள்ளையை இழுத்துப் பின்னால் வைத்துக்கொள்கிறாள். என்னவோ விஷவாயு என் புடவையிலிருந்து வருகிற மாதிரி.

வரும் திங்கட்கிழமை பாய்லரைப் போடப் போகிறேன். கத்தும் பெட்டி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் கத்தினால் போதும்.

நாத்தனார்


நவம்பர் 7

வாயாடிக்கு,

சோதனை செய்தபோது பாய்லர் அறைக் கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா?

மாமா டார்ச் பிடித்தார் என்றாய். அந்த அறையில் பாய்லரும் ஒரு ஆளும்தான் நிற்க முடியும். அப்படியென்றால் மாமா கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார், கதவு திறந்திருந்திருக்கிறது. உன் மெக்கானிக்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் லைட்டர் காட்டியிருப்பார். தினமும் நீ கதவைத் திறந்தா வைக்கிறாய்? பிள்ளைகள் உள்ளே போகாமல் சாத்தித்தானே வைப்பாய்? தினமும் எப்படி இருக்குமோ அப்படி வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து எல்லாவற்றையும் ஓட விட்டு, கதவைச் சாத்திக் கால் மணி நேரம் விட்டுவிடு. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குச்சியைக் காட்டு. மாமா வெளியே நிற்கட்டும், பேசிக்கொண்டே இரு, நீ பேச்சை நிறுத்தினால் அவர் கதவைத் திறக்கட்டும். உனக்கு இது கஷ்டமாக இருக்காது. கத்தும் பெட்டியையும் சொருகிவிட்டுச் செய்.

அன்றைக்கு ஏன் காதில் சொல்லவில்லை என்று கேட்டாய். பதில் யோசித்து இரண்டு தாள் கிழித்தேன். உண்மை இதுதான். உருகிய வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் உன் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாட்டுப் பாடுகிறார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பாய்லர் அறை பார்த்திருக்கிறேன், அங்கெல்லாம் எனக்கு யாரும் சொந்தமில்லை. பயந்தால் எனக்குச் சத்தம்தான் வரும். கல்யாணமான புதிதில் பல்லியைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் உன் அண்ணன் போலீசுக்குப் போன் செய்தான், கேட்டுப் பார்.

கேஸை மூடியதற்கு நான் வருத்தப்பட மாட்டேன். மறுபடியும் மூடுவேன். ஆனால் மூடிவிட்டு உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு வருத்தப்படுகிறேன். நிஜமாகவே.

திங்கட்கிழமை போடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த ஒரு தடவை.

அண்ணி


நவம்பர் 9

அன்புள்ள அண்ணி,

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படியுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லை. உங்கள் கடிதத்தைக் குற்றம் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் படித்தேன். கதவு திறந்திருந்தது உண்மை. சரி, இந்தக் கடைசி வாய்ப்பையும் பிடுங்கிவிடுவோம் என்று எல்லாவற்றையும் ஓட விட்டேன். பெட்டியை எடுக்க அலமாரியைத் திறந்தால் அது இல்லை. அப்பா என்றைக்கோ எடுத்துப் பாய்லர் அறையில் சொருகியிருக்கிறார். வீட்டுக்கு வந்த எந்தப் பொருளையும் சும்மா இருக்க விட மாட்டார், தெரியுமே.

கால் மணி நேரம் கழித்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். குச்சியை உரசவே இல்லை, அதற்குள் என் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மறைத்துவிட்டது. வெந்நீர் அண்டாவுக்குள் தலையை விட்ட மாதிரி முகத்தில் ஈரச் சூடு. தடவித் தடவிக் குச்சியைக் கொளுத்தி அணைத்தேன். புகை குடையின் பக்கம் போகவே இல்லை. நேராக என்னிடம் வந்தது. அதே நேரம் காலடியில் உங்கள் பெட்டி அலறியது. நான் பேச்சை நிறுத்தினேனா, கத்தினேனா, தெரியாது. அப்பா கதவைத் திறந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அவரே ஓடிப்போய் கேஸை மூடினார். அவர் ஓடி நான் பார்த்தே வருடக்கணக்காகிறது.

தெருவில் இறங்கி உட்கார்ந்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. பிறகு அது அழுகையாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து, "அண்ணிகூட மறுபடி சண்டையா?" என்று கேட்டார்.

அப்போது அப்பா ஒன்று சொன்னார். போன குளிர்காலத்திலிருந்து அவருக்கு மதியத்தில் தலைவலி வருமே, கண்ணாடியை இரண்டு முறை மாற்றினோமே, ஞாபகமிருக்கிறதா? பாய்லரை அணைத்த இந்த வாரத்தில் ஒரு நாள்கூட வரவில்லையாம். "எனக்கு ஒரு நாள் சந்தேகம் வந்துது. ஆனா சொன்னா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடுமேன்னு இருந்துட்டேன்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு அவரை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

இன்னும் ஒன்று. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். பாய்லர் அறைக் கதவின் கீழ்ப்பாதி வரிவரியாக இடைவெளி விட்ட பலகை. பிள்ளைகள் விரலை விடுவார்கள் என்று அதன் மேல் நான் ஒரு பெரிய யானைப் படத்தை ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் படாத, காற்றுப் புகாத, பளபளப்பான யானை. நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டினேன். தெருவில் உட்கார்ந்திருந்தபோதுதான் மூளைக்கு எட்டியது. அந்த இடைவெளி காற்று உள்ளே போவதற்கு, இல்லையா? நான் பாய்லரின் மூக்கை அடைத்திருக்கிறேன்.

யானையைக் கிழித்துவிட்டேன். அப்படியானால் தப்பு யானையுடையதா, புகைபோக்கியுடையதா?

சிவப்புச் சீட்டை உங்களுக்கே அனுப்பிவிட்டதால் பாய்லரில் என் சிவப்பு ரிப்பனைக் கட்டியிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 13

அன்புள்ள வாயாடி,

கடிதம் வந்தபோது மூன்றாவது மாடிப் படிக்கட்டில் இருந்தேன். "ஒன்றும் ஆகவில்லை" என்ற முதல் வரியைப் படித்ததுமே சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வீட்டில் யாராவது போய்விட்டார்களா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். "இல்ல, எல்லாரும் இருக்காங்க" என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று முழுக்க என்னை யாரும் கனமான வேலை செய்ய விடவில்லை.

உயிர் தப்பிய வீட்டில் யார் ஜெயித்தார் என்று மாமாவிடம் கேள். அவர் சொல்கிறபடியே வைத்துக்கொள்ளலாம். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

யானைக்கு வருகிறேன். யானை ஒட்டி இரண்டு மாதம் இருக்குமா? துருவும் உருகிய வளையமும் அதற்கு முந்தியவை. மாமாவின் தலைவலி போன குளிர்காலத்தது. ஆகவே புகைபோக்கிதான் முதல் குற்றவாளி. யானை கூட்டாளி. யானையை எடுத்துவிட்டால் மட்டும் சரியாகாது, நல்ல குளிர் நாளில் புகை மறுபடி இறங்கும்.

ஆனால் யானையை நான் பார்க்கவில்லை. அந்தக் கதவைத் திறந்துகொண்டுதானே உள்ளே போனேன்? புகைக்கு வழி பார்க்கிறவள் காற்றுக்கும் வழி பார்க்க வேண்டும், அதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். குழாயையே பார்த்துக்கொண்டு கதவை விட்டுவிட்டேன். கண்டுபிடித்தது நீ. இதை இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், மேஸ்திரி உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயார்.

இனி வேலை. புகைபோக்கியை இடிக்க வேண்டாம். அதற்குள் ஸ்டீல் குழாய் ஒன்றை மேலிருந்து கீழ்வரை இறக்குவோம். பாய்லருக்கு ஏற்ற அளவில் அதற்கென்றே ஒரு தனிப் புகைக்குழாய். அளவு பிடிக்க எனக்கு நாலு விஷயம் வேண்டும். புகைபோக்கி எவ்வளவு உயரம். பாய்லரின் தலையிலிருந்து சுவர் வரை குழாய் எவ்வளவு தூரம் படுக்கையாகப் போகிறது. நடுவில் எத்தனை இடத்தில் முழங்கை மாதிரி மடங்குகிறது. பாய்லர் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது. இன்னொன்று, படுக்கையாகப் போகும் குழாய் சுவரை நோக்கி ஏற வேண்டும், இறங்கக் கூடாது. அதையும் பார்.

அண்ணி


நவம்பர் 17

அன்புள்ள அண்ணி,

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். கண்ணாடி எண்ணும் பழையதே சரியாம். புதுக் கண்ணாடியை அப்பா எனக்குப் படிக்கக் கொடுத்துவிட்டார், எனக்கும் பொருந்தவில்லை.

அளவுகள் தனித் தாளில். எப்படி எடுத்தோம் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா மொட்டை மாடியில் நின்று கயிற்றில் ஒரு பூட்டைக் கட்டிப் புகைபோக்கிக்குள் இறக்கினார். கீழே சத்தம் கேட்டதும் நான் கூவ வேண்டும் என்று ஏற்பாடு. பூட்டு பாதியில் எங்கோ தட்டியது, நான் கூவிவிட்டேன். அப்பா அதையே அளந்துகொண்டு இறங்கி வந்தார். இந்த வீடு என்ன பொம்மை வீடா என்று தையல்காரம்மா கேட்ட பிறகு மறுபடி ஏறினார். நான் அனுப்பியிருப்பது இரண்டாவது அளவு.

குழாய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க, அதன் மேல் ஸ்கேலை வைத்து ஒரு பொம்மைக் காரை விட்டேன். அது சுவரை நோக்கி ஓடிப்போய் இடித்தது. அப்படியானால் இறங்குகிறது, சரிதானே? ஹீட்டரை மாற்றியபோது யாரோ தோளால் இடித்திருக்கிறார்கள் போல.

அப்பாவுக்கு ஒரே குறை. "நாலோ அஞ்சோன்னு கஞ்சத்தனம் பண்ண வேண்டாம், ஆறு அங்குலமாவே போடச் சொல்லு. பெரிசா இருந்தா நல்லதுதானே?" என்கிறார். இத்தனைக்கும் பிறகு! நீங்களே அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். வேலை முடிந்த அன்று அந்த அம்மாக்கள் எல்லாரையும் கூப்பிடப் போகிறேன். வருவார்களா தெரியாது. வந்தால் அவர்கள் முன்னால் நீங்கள் நின்று, அன்றைக்குச் சொன்ன அதே குரலில், இப்போது பயமில்லை என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் காப்பகம் நடத்துகிறவள், அப்படித்தானே சொல்வாள் என்பார்கள். இந்த மாதம் இப்படியே போனால் மூடிவிட வேண்டியதுதான். இந்தக் காப்பகம்தான் எனக்கு எல்லாம், அண்ணி. வேறொன்றும் எனக்கு வராது.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 20

அன்புள்ள வாயாடி,

நாலு அங்குலம். அட்டவணையில் இரண்டு தடவை பார்த்தேன், மேஸ்திரியையும் பார்க்கச் சொன்னேன். மாமாவிடம் போனில் சொன்னேன், "சரிம்மா, நீ சொன்னா சரி" என்றார். அவர் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது கவலையாக இருக்கிறது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்.

சனிக்கிழமை காலை உன் அண்ணனும் நானும் வருகிறோம். குழாயைச் சுருட்டி வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஞாயிறு மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம். கேஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நான் போட்டதை நானே சரி என்று சொல்லக் கூடாது.

நீ கேட்ட உதவியை என்னால் செய்ய முடியாது. கோபித்துக்கொள்ளாதே. பயமில்லை என்று நான் யாருக்கும் வாயால் சொல்வதில்லை. உன் மெக்கானிக் அதைத்தான் சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார். சோதனை என்ன சொல்கிறதோ அதைக் காட்டுவேன். அந்த அம்மாக்கள் கேட்டால் குச்சியை அவர்கள் கையிலேயே கொடுத்துக் காட்டச் சொல்வேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது. போன முறை பேசி என்ன ஆயிற்று என்று பார்த்தாயே.

அவர்கள் வராமல் போனால் நானும் உன்னோடு உட்கார்ந்து அழுகிறேன். அது மட்டும் நிச்சயம்.

அண்ணி


நவம்பர் 25

அன்புள்ள அண்ணி,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? கிளம்ப நேரமாகிவிட்டது என்று எழுப்பிய மாத்திரத்தில், தலைகூடச் சீவாமல் ஓடிவிட்டீர்கள். நடந்த எதுவும் உங்களுக்குத் தெரியாது. அண்ணனும் குளித்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கேஸ் ஆபீஸ்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது வரை உங்களுக்குத் தெரியும். எல்லா ஃபேனும் ஓட, கதவு சாத்தியிருக்க, குச்சியின் புகை குடைக்குள் சர்ரென்று போனதை நானும் உள்ளே நின்று பார்த்தேன். என் கண்ணாடியில் ஒரு துளி ஆவி இல்லை. பிறகு நீங்கள் கை கால் கழுவிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்ச்சுக்கறேன்" என்று பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் போனீர்கள். இரண்டு நாளாகக் கூரை மேல் நின்ற உடம்பு.

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் யாரும் வரவில்லை. கேக் வேறு வாங்கி வைத்திருந்தேன், முட்டாள்தனமாக. பிறகு ஒருத்தி வந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு. நான் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "உள்ள வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் எல்லா ஜன்னலும் சோதனைக்குச் சாத்தியபடியே இருந்தது. ஃபேன்கள் இரைந்துகொண்டிருந்தன. துணி மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா குளியலறையில் அண்ணனுக்கு வெந்நீர் திறந்துவிட்டிருந்ததால் பாய்லரும் எரிந்துகொண்டிருந்தது. தூங்கும் அறையைத் திறந்தால் நீங்கள். குட்டி மெத்தை இரண்டைச் சேர்த்துப் போட்டு, கால் இரண்டும் தரையில் நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, என்ன சொல்ல, அண்ணி, குறட்டை மெஷின் சத்தத்தையும் தாண்டி வந்தது. முகத்தில் கரி. தலையில் குழாயைச் சுற்றி அடைத்த பஞ்சு.

அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முன்னால் வந்தவள் என் காதில், "அன்னைக்கு எங்களை வெளிய போகச் சொல்லிக் கத்தினது இவங்கதானே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"எவ்வளவு நேரமாத் தூங்கறாங்க?"

"மத்தியானத்துலேர்ந்து."

யாரும் தீக்குச்சி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாளை நான் நீட்டினேன், அதையும் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. முன்னால் வந்தவளின் இடுப்பிலிருந்த பெண் குழந்தை பாதித் தூக்கத்தில் தோளில் சாய்ந்திருந்தது. அவள் குழந்தையின் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உங்கள் பக்கத்து மெத்தையில் மெதுவாகப் படுக்க வைத்தாள். நீங்கள் கண்ணைத் திறக்காமலே புரண்டு, அந்தப் பிள்ளையின் மேல் கையைப் போட்டுக்கொண்டு மறுபடி தூங்கிப் போனீர்கள்.

உங்கள் நாத்தனார்